ஏச்சு மறுப்பாகாது!

கருத்து மாறுபாடு தமிழினத்திற்குப் புதியதொன்றன்று. ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுத்தலும், அம்மறுப்பை வேறொருவர் மீண்டும் மறுத்தலும், அவையெல்லாம் நூல்களாகி நின்று பின்வருவார்க்குப் பயன்படுதலும் இம்மொழியின் வரலாற்றில் நெடுங்காலமாக நிகழ்ந்து வருவனவே. அண்மைக்காலத்தே புகுந்தது, மறுக்க வேண்டிய இடத்தில் ஏசுவதும், ஏசியதையே மறுப்பென்று எண்ணித் தோள்தட்டிக் கொள்வதுமாகிய இழிநிலை. திறன்பேசியும், அதனுள் அடங்கிய முகநூல், கீச்சகம், புலனம், வலையொளி முதலிய குமுக வலைத்தளங்களும் இவ்விழிநிலைக்கு வாயிலை அகலத் திறந்துவிட்டன. இதனை வேலையற்றோர் விளையாட்டென்று தள்ளிவிடலாகாது. மாறுபட்டுப் பேசும் முறையை ஓரினம் மறந்துவிடுமானால், உண்மை எது, பொய் எது என்று தன்னுள் தேர்ந்துகொள்ளும் ஆற்றலையும் அது இழந்துவிடும். அவ்வாற்றலை இழந்த இனத்தை யார் வேண்டுமானாலும் எத்திசையிலும் ஓட்டிச் செல்லலாம்!

இதற்கு எடுத்துக்காட்டுத் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. விருதுநகர் மாவட்டத்தில், இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் அணித்தாக ஆலங்குளம் என்றோர் ஊர் உள்ளது. (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு.) சுண்ணக்கல்லை அகழ்ந்தெடுத்துச் சுட்டுப் பைஞ்சுதை செய்யும் அரசு ஆலையால் அறியப்பெறும் ஊர் அது. அவ்வூர்க்கு அண்மையிலுள்ள இராசபாளையத்தில், 7-1-2018 அன்று, தினமணி நாளிதழ் எடுத்த ஆண்டாள் விழாவில் பாவலர் வைரமுத்து 'தமிழை ஆண்டாள்' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை படித்தார். அரங்கில் அமர்ந்து முழுமையும் கேட்டோர் ஓர் அரங்கு கொள்ளும் அளவினரே. இதழில் முழுமையும் படித்தோர் அவரினும் பலர். ஆயின், ஆலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் ஓர் ஆலங்குளத்துத் தொழிலாளியின் கைப்பேசிக்கு அந்நாள்களில் வந்து சேரக்கூடியதாக இருந்தது அக்கட்டுரையன்று. அதினின்று வெட்டியெடுத்த ஒற்றை வரி! அவ்வரிக்கு முன் என்ன இருந்தது, பின் என்ன இருந்தது, அது வைரமுத்துவின் கூற்றா, பிறர் கூற்றை அவர் எடுத்துக் காட்டியதா என்பவற்றுள் ஒன்றையும் அத்துணுக்குச் சொல்லாது. சினத்தை மூட்டுவதற்கு மட்டும் அது போதும்.

ஆண்டாள் திருவரங்கக் கோயிலில் வாழ்ந்து மறைந்த ஒரு தேவதாசி என்று ஓர் ஆங்கில ஆய்வுரையில் எழுதப்பட்டிருந்த வரியே அது. ஆண்டாளைப் போற்றி எழுதிய நீண்ட கட்டுரையின் இடையில் அது மேற்கோளாக வந்தது. அதன்பின் நிகழ்ந்தவற்றை நாடறியும். பாவலரின் பிறப்பையும் தாயையும் இழித்துரைக்கும் பதிவுகள் ஆயிரக்கணக்கில் கிளம்பின. மறுபுறத்தில், பாவலர்க்குத் துணைநிற்பதாகச் சொல்லிக்கொண்டு ஆண்டாளையும் அவள்மேல் அன்பு பூண்டோரையும் இழித்தெழுதியோரும் குறைவல்லர். காவல்நிலையங்களில் வழக்குகள் பதியப்பெற்றன. சென்னை உயர்நயமன்றம் வினவலுக்கு இடைத்தடை விதித்தது. திருவில்லிபுத்தூர்ச் சீயர் உண்ணாநோன்பு தொடங்கினார். பின்னர் ஒரு கூட்டத்தில், கல்லெறியவும் சோடாப் புட்டி வீசவும் தங்களுக்கும் தெரியும் என்று பேசி, அதற்காகத் தாமே பின்னர் வருத்தமும் தெரிவித்தார். தினமணியின் ஆசிரியர் திருவில்லிபுத்தூர்க் கோயிலுக்கே சென்று வருத்தந் தெரிவித்து மீண்டார். இத்துணைக்கும் நடுவில், கேட்டிருக்க வேண்டிய வினா ஒன்று கேட்பாரின்றிக் கிடந்தது. 'அவ்வரியை எழுதியவர் யார்? எச்சான்றின்மேல் எழுதினார்?' என்பதே அது.

அவ்வரி வந்த நூல் எங்கோ கடல் கடந்து மறைந்து கிடந்த நூலன்று. சுபாசு சந்திர மாலிக் தொகுத்து, சிம்லாவிலுள்ள இந்திய உயர்நிலை ஆய்வு நிறுவனம் 1978-இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பு அது. அதனுள் தென்னாட்டு இறையன்பு இயக்கம் பற்றி எழுதியோர் எம்.சி.எசு. நாராயணனும் கேசவன் வேளுதாட்டும் ஆகிய கேரள வரலாற்றறிஞர் இருவர். பாவலர் தம் கட்டுரையில் அந்நூலை அமெரிக்க நாட்டு இந்தியானாப் பல்கலைக்கழகத்தோடு சார்த்திச் சொன்னார். இது பிழை. இப்பிழையைக் காட்டுவதற்கு எவர் தாயையும் இழுக்க வேண்டுவதில்லை. ஒரு நூலகத்துக்குள் சென்று அந்நூலின் முதல் தாளைப் புரட்டினால் போதும். ஏசியவர்களுள் எத்தனை பேர் அதைச் செய்தனர்? பாவலர்க்காக வரிந்துகட்டிக் கொண்டு எழுதியோருள்தாம் எத்தனை பேர் செய்தனர்?

அதற்கடுத்த படி, அவ்வரியின் உண்மையை ஆராய்தல். ஆண்டாளைப் பற்றி அறிவதற்கு முதற்சான்று அவள் பாடல்களே. திருப்பாவை 30 பாடல். நாச்சியார் திருமொழி 143 பாடல். பதிகங்களின் முடிவில் தன்னைக் கோதை என்றும், பட்டர்பிரானைச் சேர்ந்தவள் என்றும், வில்லிபுத்தூராகிய புதுவையைத் தன்னூர் என்றும் அவளே முத்திரையிட்டுச் சொல்லிச் செல்கிறாள். கோயிற் பணிக்கு விடப்பட்டவள் என்பதற்கு அம்முத்திரைகளில் இடமுண்டா? இல்லையெனின், எழுதியோர் வேறு எந்தக் கல்வெட்டைக் கண்டனர்? எந்த ஏட்டைக் கண்டனர்? குருபரம்பரை நூல்கள் திருவரங்கத்தில் அவள் இறைவனோடு ஒன்றாயினாள் என்று கூறும் வரலாற்றைத் தம் போக்கில் பொருள்கொண்டு எழுதினரா? இவ்வாறு வரிசையாக வினவியிருப்பின், அவ்வரி நிற்கும் வலிமையுடையதாயின் நின்றிருக்கும். இல்லையாயின் தானே சரிந்திருக்கும். அந்நாளில் இம்முறையில் நின்று எழுதிய சிலர் இருக்கத்தான் செய்தனர். ஏச்சொலியில் அவர்தம் குரல் அமிழ்ந்து போயிற்று.

அச்சொல்லையேனும் ஆராய்ந்தனரா என்றால், அதுவுமில்லை. இன்று இழிசொல்லாகிவிட்ட 'தேவரடியாள்' என்னும் சொல், கல்வெட்டுகளில் கோயிலுக்குப் பொன்னும் நிலமும் விளக்கும் கொடையளித்த பெண்டிரின் பெயரோடு இணைந்து வருகின்றது. தஞ்சைப் பெருங்கோயிலுக்கு இராசராசன் வருவித்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், அவர்கள் எவ்வெக் கோயிலினின்று வந்தனர் என்பதும், ஒவ்வொருவர்க்கும் அளித்த வீடும், பங்கொன்றுக்கு 100 கலம் நெல்லும் கல்லில் வெட்டப்பெற்றுள்ளன. இலெசுலி ஓர் என்னும் அம்மையார் சோழர் காலத்துக் கோயிற்பெண்டிரைப் பற்றிய கல்வெட்டுகளைத் தொகுத்தாராய்ந்து 2000-த்தில் ஒரு நூலே எழுதியுள்ளார். பிற்காலத்தே அம்முறை சீரழிந்து பெண்ணைப் பொருளாக்கியதும், மூவலூர் இராமாமிருதம் அம்மையாரும் முத்துலட்சுமி அம்மையாரும் அதனை எதிர்த்துப் போராடியதும், 1947-இல் சென்னை மாகாணத்தில் அதனை ஒழிக்கச் சட்டம் வந்ததும் அதே சொல்லின் மறுபக்க வரலாறு. எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுப் பெண்ணொருத்தியைப் பற்றிச் சொல்லும்போது அச்சொல் எப்பொருளில் நிற்கும் என்று சொன்னவரும் விளக்கவில்லை, கேட்டவரும் வினவவில்லை. இதனினும் வெட்கக்கேடு ஒன்றுண்டு. எந்தச் சொல்லைக் கேட்டுக் கொதித்தெழுந்தனரோ, அந்தச் சொல்லையே எதிராளி வீட்டுப் பெண்டிர்மேல் எறிந்தனர். ஒரு பெண்ணின் பெருமையைக் காக்கப் புறப்பட்டவர்கள் ஓராயிரம் பெண்டிரை இழித்துத்தான் அதைக் காக்க முடியும் என்றால், அவர்கள் காத்தது எதனை?

குறை ஒருபுறத்ததே என்று சொல்லுதல் நடுநிலையாகாது. ஆண்டாளை ஊர்மகளாகக் கொண்டாடும் மண்ணில் நின்று, மார்கழித் திங்களில், ஓர் அயல்மொழி ஆய்வுரையின் ஒற்றை வரியை அதன் சான்றை எடைபோடாமல் எடுத்து வைத்தது பாவலரின் குறையே. எதிர்ப்புக் கிளம்பிய பின் அவர் வெளியிட்டதோ, எவரேனும் புண்பட்டிருந்தால் வருந்துவதாக ஓர் அறிவிப்பு. இந்நாளில் அரசியலாரும் கலைத்துறையாரும் பெருநிறுவனத்தாரும் இவ்வகை அறிவிப்பையே கையிருப்பாக வைத்துள்ளனர். புண்பட்டார் புண்படவில்லை என்பது இங்குப் பொருளன்று. சொன்னது பிழையென்று கண்டால், 'இது பிழை. திரும்பப் பெறுகின்றேன்' என்று சொல்லவேண்டும். சரியென்று கண்டால், சான்றோடு நிற்கவேண்டும். இரண்டுமற்ற வருத்தம் எதிர்ப்போரை அடக்கவும் இல்லை. உண்மையை நாடியோர்க்கு ஒன்றும் அளிக்கவும் இல்லை.

திருச்செங்கோட்டிலும் இதே கதைதான். பெருமாள்முருகன் 2010-இல் எழுதிய 'மாதொருபாகன்' நூலின் சில பக்கங்களை மட்டும் படியெடுத்து ஊரெங்கும் பரப்பினர். நூலை முழுதும் படித்தவர் எத்தனைபேர் என்று கேட்க அங்கும் ஆளில்லை. 2015 சனவரியில், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் முகநூலிலேயே எழுதி வைத்துவிட்டு அடங்கினார். 5-7-2016 அன்று சென்னை உயர்நயமன்றம் தீர்ப்பளித்த பின்னரே மீண்டும் எழுதத் தொடங்கினார். அந்நூலைத் திறனாய்ந்து, 'இவ்விடத்தில் இவ்வழக்காறு இருந்ததற்குச் சான்றில்லை' என்று ஒருவர் எழுதியிருப்பின் அது தமிழுக்கு ஆக்கமாயிருந்திருக்கும். துணுக்கைக் கண்டு துள்ளுவோர் அதனைச் செய்யார். புலன நிறுவனமே 2018-இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு தடைவைக்க நேர்ந்தது. பொய்ச்செய்தியை நம்பி மாந்தரை அடித்துக் கொன்ற கொடுமைகள் தமிழகத்திலும் நிகழ்ந்த பின் வந்த தடை அது. கைவிரலுக்கு நிறுவனம் தடை வைக்கலாம், வாய்க்கு?

பழந்தமிழர் இதற்கு ஒழுங்கு வைத்திருந்தனர். மணிமேகலையில் புகார் நகரத்து விழாவை அறிவிக்கும் முரசறைவோன், சமயச் சொற்போர் செய்வோரைப் பட்டிமண்டபத்தில் ஏறி முறையறிந்து பேசுமாறு அழைக்கின்றான். பகைவரே எதிர்ப்படினும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்லுமாறு அதே வாயால் அறிவுறுத்துகின்றான். சொற்போர்க்கு அழைப்பும் பூசலுக்குத் தடையும் ஒரே முரசில்! அக்காப்பியத் தலைவியும் வஞ்சி மாநகரில் பல சமயத்தாரையும் அடுத்தடுத்து அணுகி, அவரவர் கொள்கையை முழுமையும் கேட்ட பின்னரே தன் வழியைத் தேர்கின்றாள். நன்னூலார் நூலுக்குரிய மதம் ஏழென்று வகுத்து, உடன்படுதலையும் மறுத்தலையும் பிறர் நூலின் குற்றங்காட்டலையும் அவற்றுள் வைத்தார். பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு, பின்னர் அதனைக் களைதலும் அவற்றுள் ஒன்று. எதிராளி சொல்வது யாதென்று அவனினும் தெளிவாக எடுத்துரைக்கும் ஆற்றல் பெற்ற பின்னன்றோ அதனைக் களைய முடியும்? எதிராளியைப் புரிந்துகொள்ளுதலே தோல்வியென்று எண்ணும் முகநூல் வீரர்க்கு இது விளங்குமா?

பழையோர் எல்லாரும் பாலும் தேனுமாகப் பேசினர் என்பதும் பொய்யே. திருவாரூர் வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்துச் சிவஞான முனிவர் எழுதிய நூலின் பெயரே 'சூறாவளி'! அதிற் கடுஞ்சொல் உண்டு, எள்ளலும் உண்டு. ஆயின், ஒவ்வோர் அடியும் ஒரு நூற்பாவின்மேல் விழுந்தது. அந்நூற்பாவை எடுத்துவிட்டால் அவ்வடியும் இல்லை. அம்முனிவரையும் விட்டாரில்லை. அவர் தொல்காப்பியப் பாயிரத்துக்கு வரைந்த விருத்தியைச் சோழவந்தான் அரசஞ்சண்முகனார் பின்னர் வரிவரியாக மறுத்தார். இன்று தொல்காப்பியம் பயில்வோன் முனிவரையும் பயில்கின்றான். அவரை மறுத்தவரையும் பயில்கின்றான். இருவராலும் அவன் அறிவு வளர்கின்றது. 2018 சனவரித் திங்களின் ஏச்சுகளைத் தொகுத்து எவரேனும் நூலாக்கினால், அதனால் எவனுக்கு எவ்வறிவு வளரும்?

தமிழ்த்துறையிலும் தெருச்சண்டை நிகழ்ந்ததுண்டு. இராமலிங்க அடிகளின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்னும் பூசலில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் துண்டறிக்கைகளும் வசைநூல்களும் பறந்தன. அறமன்றப் படிகளையும் இருதிறத்தார் ஏறினர். 1903-இல் சென்னையில் அருட்பாத் திறத்தில் நின்று சொற்போரிட்டவர், அந்நாளில் வேதாசலம் என்னும் பெயரோடிருந்த மறைமலையடிகள். எதிர்த்திறத்தில் நின்றவர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை. கதிரைவேற்பிள்ளையின் மாணவர் திரு.வி.க. தம் ஆசிரியர்க்காக அறமன்றஞ் சென்று சான்று கூறப்போய்ப் பள்ளித் தேர்வையே இழந்தார். அந்த இளைஞர் அன்று அருட்பாவுக்கு எதிரணி. அவரே பின்னாளில் அருட்பாவைக் கற்று உருகி, இராமலிங்க அடிகளின் திருவுள்ளத்தை விளக்கித் தனிநூல் வரைந்தார். மறைமலையடிகளையும் போற்றி நின்றார். 'அன்று என்ன சொன்னாய்?' என்று பழைய பதிவைப் படம்பிடித்துக் காட்டி எள்ளும் கூட்டம் அன்று இல்லை. மனம் மாறுவதை இரண்டகம் என்று தூற்றும் இன்றைய வழக்கம் அன்றே இருந்திருப்பின், தமிழர்க்குத் திரு.வி.க. கிடைத்திருப்பாரா?

இந்த இடத்தில் தனித்தமிழ் அன்பர்கள் தம் கைப்பேசியையும் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளல் வேண்டும். வலைத்தளங்களில் தமிழ்ப்பற்றைக் காட்டப் புகுந்த இளைஞர் பலர் செய்வதென்ன? சிற்றூர்ப் பெண்ணொருத்தி தன் மகனுக்கு வேலை கிடைத்ததைச் 'சந்தோஷம்' என்று எழுதிவிட்டால், கீழே பத்துப்பேர் வந்து 'தமிழ்ப்பகை', 'வடமொழி அடிமை' என்று பாய்கின்றனர். 'மகிழ்ச்சி' என்னும் நல்ல சொல்லை அவள் நெஞ்சுக்குள் நடவேண்டிய நேரத்தில், தமிழ் என்றாலே வசை என்னும் எண்ணத்தை நட்டுவிட்டுத் திரும்புகின்றனர். அவள் இனித் தமிழில் எழுதுவாளா? ஆங்கிலத்தில் எழுதினால் எவரும் ஏசுவதில்லை என்று கண்டுகொள்வாள்! தனித்தமிழ்க்குப் பகைவர் செய்ய இயலாத கேட்டை அதன் அன்பர்களே செய்து முடிக்கின்றனர்.

மறைமலையடிகள் 1902-இல் தொடங்கிய இதழுக்கு இட்ட பெயர் 'ஞானசாகரம்'. 1916 வரை அவர் பெயர் வேதாசலம். அவர் நடையிலும் வடசொற்கள் மலிந்திருந்தன. தம் மகள் நீலாம்பிகையோடு உரையாடியபோது தோன்றிய எண்ணத்தினின்றே தனித்தமிழ் உறுதி பிறந்தது என்பதை இயக்கத்தார் அறிவர். வேதாசலம் மறைமலையானதும், ஞானசாகரம் அறிவுக்கடலானதும் ஒரு வீட்டுத் தோட்டத்தின் அமைதியில், மகளோடு பேசிய பேச்சில் தொடங்கின. 1902-இல் முகநூல் இருந்து, 'ஞானசாகரம்' என்னும் பெயரைக் கண்டவுடன் இக்காலத்து வீரர் இருநூறு பேர் அவரை இரண்டகர் என்று ஏசியிருப்பின், அவர் அப்பெயரை மாற்றியிருப்பாரா, அன்றி வீம்புக்கேனும் அதனையே பற்றிக்கொண்டிருப்பாரா என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

ஏச்சை அடக்குதற்குச் சட்டத்தை அழைப்போரும் உளர். மின்வலையில் எரிச்சலூட்டும் செய்தி எழுதியவரையும் சிறைப்படுத்த இடங்கொடுத்த 66அ பிரிவை உச்சநயமன்றம் 24-3-2015 அன்று செல்லாதென்று அறிவித்தது. அப்பிரிவு நடைமுறையில் இருந்தபோது அதற்குள் சிக்கியோருள், ஆட்சியாளரையும் தலைவர்களையும் குறைகூறிய எளியோரும் இருந்தனர். கொலைமிரட்டலும் பெண்களை இழித்துத் துரத்துதலும் குற்றங்கள். அவற்றுக்குச் சட்டம் வேண்டும். கருத்தை மறுக்கச் சட்டத்தைத் தேடுவோனோ, தன்னிடம் மறுப்பில்லை என்று ஒப்புக்கொண்டவனாகின்றான். வள்ளுவர் பொறுக்கச் சொன்னது செவி கைக்கும் சொல்லை, அதுவும் ஆள்வோனை. இடித்துரைப்பார் இல்லாத மன்னன் கெடுப்பார் இன்றியே கெடுவான் என்றும் அவரே எச்சரித்தார். அச்சொல்லுக்குத் தலைவர்களும் இயக்கங்களும் விலக்கல்லர்.

ஆண்டாளின் காலத்தைப் பற்றிய கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை. திருப்பாவையின் பதின்மூன்றாம் பாட்டில் வெள்ளி எழுந்ததும் வியாழம் மறைந்ததுமாகிய வைகறை வானத்தை அவள் குறித்துள்ளாள். அதனை வைத்து மு. இராகவையங்கார் கி.பி. 731 என்று கணித்தார். அதே குறிப்பை வைத்து வேறு ஆண்டுகளைக் காட்டியோரும் உளர். பாட்டில் வருவதைக் கணக்காகக் கொள்ளலாகாது என்றோரும் உளர். அன்றைய அறிஞர் தாளும் எழுதுகோலும் கொண்டு நாள்கணக்கில் முயன்று செய்த வானக் கணக்கை, இன்று கைப்பேசியிலேயே ஆண்டும் நாளும் நேரமும் குறித்துப் பார்க்க வழியுண்டு. ஏச்சைச் சுமந்து வந்த அதே கைப்பேசிதான்! ஆலங்குளத்து மாணவன் ஒருவன் மார்கழி வைகறையில் அதனைத் திறந்து, எட்டாம் நூற்றாண்டின் கீழ்வானத்தில் வெள்ளி எழும்போது மேல்வானத்தில் வியாழன் சாய்ந்த ஆண்டுகள் எவையெவை என்று பட்டியலிடட்டும். இராகவையங்கார் கணக்கு எங்கே பொருந்துகின்றது, எங்கே பிழைபடுகின்றது என்று அவன் அரைப்பக்கம் எழுதி முகநூலில் இடட்டும். அதை மறுக்க விரும்புவோர் அதற்கடுத்த ஆண்டின் வானத்தைக் காட்டட்டும்.